கோயிற்கேணியும் ஆமையும்

(எமது மன்றத்தின் ஆண்டு விழாவில், உப்புவெளியில் நிகழ்த்திய சொற்பொழிவு. மலருக்காகச் சிறிது சுருக்கப்பெற்றது.)



ஆண்டு விழா மேடையிலே ஆமையைப் பற்றி ஒரு பேச்சு என்று அறிவித்தற் பலகையிற் கண்டதும் சிலர் சிரித்தார்கள் என்று கேள்விப்பட்டோம். சிரிக்கட்டும். கோணேசர் தலத்தின் வரலாறும், சுவாமி விபுலானந்தரின் தமிழ்த்தொண்டும் பேசப்பட்ட மேடை இது. அந்த வரிசையில் ஆமைக்கு என்ன இடம் என்று கேட்பது நியாயமே. ஆயினும் காரணத்தைக் கேட்டபின் சிரிப்பு நின்றுவிடும் என்று நம்புகிறோம்.

சென்ற ஆவணி மாதத்திலே நமது அயலூர் ஒன்றில் திருப்பணிக்காகக் கோயிற்கேணியை இறைத்தார்கள். ஊரின் பெயர் வேண்டாம், அவர்களும் நம்மவர்களே. எமது மன்றத்து இளைஞர் நால்வர் அன்று சிரமதானத்துக்குப் போயிருந்தனர். நீர் வற்றிச் சேறு தெரிந்தபோது, அந்தச் சேற்றுக்குள்ளிருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பதினொரு ஆமைகள் தலைகாட்டின. இரண்டைச் சிலர் இறைச்சிக்கென்று சாக்கிலே கட்டிவிட்டார்கள். ஒன்றைச் சிறுவர்கள் கல்லெறிந்து ஓட்டை உடைத்துவிட்டார்கள். எஞ்சிய எட்டையும் நமது இளைஞர்கள் வாளிகளில் எடுத்துச்சென்று வயற்கரைக் குளமொன்றில் விட்டு வந்தார்கள். அப்போது அங்கு நின்ற பெரியவர் ஒருவர், "தம்பிமாரே, ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள். நீங்கள் அதைக் கையிலே தூக்கிக்கொண்டு திரிகிறீர்களே!" என்று கடிந்துகொண்டாராம். அந்தப் பெரியவரே கோயிலிற் புராணபடனத்தின்போது பாற்கடல் கடைந்த கதைக்கு உருக்கமாகப் பயன் சொல்பவர். மந்தர மலையை முதுகிலே தாங்கிய கூர்மத்துக்குக் கை கூப்புவோம். கேணிச் சேற்றிலே கிடக்கும் கூர்மத்தைச் சாக்கிலே கட்டுவோம். இந்த முரண்பாடு அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று.

மூன்று மாதங் கழித்து நாம் மீண்டும் அங்கே போனோம். நாற்புறமும் சீமெந்துச் சுவர், வழுவழுப்பான படிகள், சுவருக்கு நீல வர்ணம். நீர் கண்ணாடிபோல் இருந்தது. உயிர் என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. இனி நமது கோயிற்கேணியின் முறை. வருகிற கும்பாபிஷேகத்துக்கு முன்னர் நமது கேணியையும் அவ்வண்ணமே கட்டுவதற்குப் பரிபாலன சபையார் எண்ணியிருக்கின்றனர். இன்று நாம் பேச வந்தது அதுபற்றியே.

முதலில் இந்தப் பிராணியைச் சற்று அறிமுகஞ் செய்கிறோம். கடலோரத்தாராகிய நமக்கு ஆமை என்றாற் கடலாமைதான் நினைவுக்கு வரும். இரவிலே கரையேறி மணலைத் தோண்டி முட்டையிட்டு மீள்வதை நம்மிற் பலர் கண்டிருப்பார்கள். நன்னீர் ஆமைகள் வேறு. நமது இலங்கைத் தீவில் இயற்கையாக வாழும் நன்னீர் ஆமைகள் இரண்டே இனம். ஒன்று பாலாமை, மற்றது கறுத்த வன்மையான ஓடுடைய ஆமை, கறுப்பாமை என்று வைத்துக்கொள்வோம்.

பாலாமையின் முதுகு மற்ற ஆமைகளைப்போற் கட்டியான செதில்களால் ஆனதன்று. எலும்பின்மேல் மெல்லிய தோல் போர்த்தது. வயிற்றுப்புறம் வெளிறிய நிறம். காலுக்கு மூன்று நகங்கள். வயிற்றோட்டின் பின்புறத்தில் கதவுபோல இரண்டு மடல்கள் உண்டு. பின்னங்கால்களை உள்ளே இழுத்துக்கொண்டதும் அம்மடல்கள் மூடிக்கொள்ளும். ஐம்புலன் அடக்கத்துக்கு வள்ளுவர் ஆமையை உவமை சொன்னார் அல்லவா? அந்த உவமைக்கு முழுப் பொருத்தமான ஆமை இதுதான் என்பது எமது எண்ணம், கதவையும் சாத்திக்கொள்கிறதே! இதற்கு 1856ஆம் ஆண்டில் பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த கிரே என்பவர் இலங்கையின் பெயரையே சூட்டினார். பின்னர் நெடுங்காலம் இந்தியப் பாலாமையின் ஒரு கிளை என்றே இதனைக் கருதி வந்தனர். 2011ஆம் ஆண்டில் மரபணுவை ஒப்பிட்டு நோக்கி, இது தனி இனமே என்று ஆராய்ச்சியாளர் கண்டனர். அதாவது, நாம் சாக்கிலே கட்டுகிற இந்தப் பாலாமை, இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை.

கறுப்பாமையின் கதை நமது வாசலுக்கே வருகிறது. 1830இல் பிரெஞ்சு நாட்டு இயற்கையறிஞர் லெசோன் என்பவர் அதன் ஒரு வகைக்கு இட்ட இலத்தீன் பெயர் 'தெர்மாலிஸ்' என்பது. வெந்நீரூற்றுக்கு உரியது என்பது பொருள். வெந்நீரூற்று என்றால் கன்னியாவின் ஏழு கிணறுகளையன்றி வேறெதை நாம் நினைப்போம்? இன்னொரு வகையை 1939இல் விவரித்தவர் நமது நாட்டு அறிஞர் பி. இ. பி. தெரணியகல அவர்கள், கொழும்பு நூதனசாலையின் தலைவராக நெடுங்காலம் விளங்கியவர். இந்த இரண்டாம் வகை வறண்ட பிரதேசத்துக்கு உரியது. பகலிலே கல்லின்மேலும் மரக்கட்டையின்மேலும் ஏறி வெயில் காய்வதை, குளக்கட்டால் நடந்துபோகிறவர்கள் காணலாம். காலடி ஓசை கேட்டதும் 'தொபுக்' என்று விழுந்து மறைந்துவிடும்.

இவை உண்பது என்ன? நத்தை, தவளை, மீன், நீர்ப்பூச்சி, பாசி, செத்துக் கிடப்பவை எல்லாமே. கேணியிலே மீன் செத்து மிதந்தால் நாற்றம் எடுக்குமுன் அதனைத் தீர்த்து வைப்பது ஆமை. சம்பளம் கேளாத தோட்டி என்று சொல்லலாம். கோடையிலே குளம் வற்றினால் பாலாமை சேற்றுக்குள் புதைந்து மாரி வரும்வரை கிடக்கும். அயலூர்க் கேணியிலே அந்தப் பதினொன்றும் கிடந்தது அவ்வாறே. சில ஆமைகள் நீர் தேடித் தரைவழியே நடக்கும். முதல் மழை பெய்த இரவின் மறுநாட் காலையில் நிலாவெளி வீதியிலே வண்டிச் சில்லில் நசுங்கிக் கிடக்கும் ஆமையைக் கண்டவர்களுக்கு இந்தப் பயணம் தெரியும்.

இனிச் சொல்லப்போவதை மட்டுமாவது மனத்திற் கொள்ளுங்கள். ஆமை நீரிலே வாழ்கிறது. ஆனால் நீரிலே பிறப்பதில்லை. கடலாமையைப் போலவே நன்னீர் ஆமையும் கரையேறித்தான் முட்டையிடவேண்டும். பெண் ஆமை நீர்மட்டத்துக்கு மேலே ஈரம் அளவாயுள்ள மண்ணைத் தேடி, பின்னங்கால்களாற் குழி தோண்டி, முட்டைகளை இட்டு மூடிவிட்டுத் திரும்பும். பாலாமையின் முட்டை உருண்டையானது. கறுப்பாமையின் முட்டை நீண்டது. இரண்டுக்கும் கெட்டியான ஓடு. மண்ணின் சூட்டிலே பல மாதம் கிடந்து குஞ்சு பொரிக்கும். அதற்குள் நரி, கீரி, உடும்பு, நாய் ஆகியவை மோப்பம் பிடித்துத் தோண்டித் தின்றுவிடுவதும் உண்டு. தப்பிப் பிழைக்கும் குஞ்சுகளிலும் முதிர்ச்சி அடைவன சில. அதற்கும் ஆண்டுகள் பல செல்லும். ஆகவே, வளர்ந்த பெண் ஆமை ஒன்றைக் கொல்வது ஒரு கோழியைக் கொல்வது போன்றதன்று. கோழிக்கு ஈடு ஆறு மாதத்தில் வந்துவிடும்.

சீமெந்துக் கரையிலே ஆமை எங்கே குழி தோண்டும்? இந்தக் கேள்விக்கு விடை காண உங்களைச் சற்றுத் தூரம் அழைத்துச் செல்லவேண்டும்.

வங்காளதேசத்திலே சிட்டகாங் என்ற துறைமுக நகரம் உண்டு. அங்கே சுல்தான் பாயசீத் பொஸ்தாமி என்ற இஸ்லாமிய ஞானியின் தர்கா ஒன்று இருக்கிறது. தர்காவை அடுத்த குளத்திலே பெரிய கரிய ஆமைகள் வாழ்கின்றன. ஞானியின் கோபத்துக்கு ஆளான தீய ஆவிகளே ஆமைகளாகிக் குளத்திற் கிடக்கின்றன என்பது அவ்வூர்க் கதை. சபிக்கப்பட்டவையேனும் ஞானியின் குளத்தில் உள்ளவை ஆதலால் அவற்றை எவரும் துன்புறுத்துவதில்லை. வருவோர் உணவு கொடுக்க, ஆமைகள் படிக்கட்டுக்கே வந்து வாங்கிக்கொள்ளும். 1875இல் கல்கத்தா இந்திய நூதனசாலையைச் சேர்ந்த ஜோன் அண்டர்சன் என்பவர் இந்தக் குளத்து ஆமையை ஆராய்ந்து, இதுவரை அறியப்படாத இனம் என்று உலகுக்கு அறிவித்தார். பாலாமையைப் போலவே மெல்லோட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் பருமனில் அதற்குப் பாட்டன். அதற்குப்பின் நெடுங்காலம் அந்த ஒரு குளத்தைத் தவிர வேறெங்கும் அது இருப்பதாக உறுதிப்படவில்லை. ஒரு முழு இனம், ஒரே ஒரு குளத்திலே! 150க்கும் 300க்கும் இடைப்பட்ட தொகை என்று மதிப்பிட்டார்கள். 2002ஆம் ஆண்டில் இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம், இவ்வினம் இயற்கைச் சூழலில் அற்றுப்போயிற்று என்றே பதிந்துவிட்டது.

தர்காக் குளத்தை நாம் இங்கே புகழ்ந்து பேசுவதில் வியப்பில்லை. இந்துவும் இஸ்லாமியரும் ஒரே வாய்க்கால் நீரில் வயல் செய்யும் மாவட்டம் நமது. ஆற்றிலும் சதுப்பிலும் இருந்த ஆமைகளை மனிதர் பிடித்துத் தின்று தீர்த்தபோது, ஒரு ஞானியின் பெயரால் இருந்த குளம் அவற்றைக் காத்தது என்பது எவருக்கும் பெருமை தரும் செய்தியே.

பின்னர் வேறொரு செய்தி வந்தது. இந்தியாவின் அஸ்ஸாம் மாநிலத்துக் கோயிற் குளங்களிலும் அந்த ஆமை இருந்தது! காமாக்யா தேவியின் மலையிலே, ஹாஜோ என்ற ஊரிலுள்ள ஹயக்கிரீவ மாதவர் கோயிற் குளத்திலே, நாகசங்கர் கோயிற் குளத்திலே. அங்கெல்லாம் அடியார்கள் அவற்றைத் திருமாலின் கூர்மாவதாரமாக எண்ணிப் பொரியும் பாணும் இட்டு வணங்குகிறார்கள். இந்தியாவிலும் பர்மாவிலும் மெல்லோட்டு ஆமைகளை வணங்கும் வழக்கத்தைப்பற்றி அன்னண்டேல் என்ற அறிஞர் சாஸ்திரி என்ற பண்டிதருடன் சேர்ந்து 1914இலேயே கட்டுரை எழுதியிருக்கிறார், புதிய வழக்கமன்று. 2007இல் வெளியான மரபணு ஆராய்ச்சியொன்று, கோயிற் குளங்களுக்கு வெளியே இயற்கைச் சூழலிலும் இவ்வினம் சிறிதளவு எஞ்சியிருக்கிறது என்று காட்டியது. 2021இல் சர்வதேச ஒன்றியமும் தன் பழைய பதிவை மாற்றி, அழிவின் விளிம்பிலே உள்ள இனம் என்று எழுதியது. விளிம்பிலே நிற்பதும் மகிழ்ச்சிக்குரியதா என்று கேட்பீர்கள். அற்றுப்போனதைவிட மேல் அல்லவா?

இவ்வளவும் கேட்டபின், பக்தி ஒன்றே போதும், ஆமை பிழைத்துக்கொள்ளும் என்று எண்ணத் தோன்றும். நாமும் முதலில் அப்படித்தான் எண்ணினோம். ஆனால் அஸ்ஸாமிய அடியார்களும் நம்மைப்போலவே குளத்தை அழகுபடுத்த விரும்பினார்கள். கரையைச் சுற்றிச் சீமெந்து கட்டினார்கள். ஆமைகள் தின்றன, கொழுத்தன, நீந்தின. முட்டையிடுவதற்கு மட்டும் இடமில்லை. கொல்லாமற் காத்த அதே அன்பு, பிறக்கவொட்டாமலும் செய்துவிட்டது. பாணும் பிஸ்கற்றும் ஆமைக்கு உகந்த உணவுமல்ல. அவற்றைச் சுற்றிவந்த பொலித்தீனைச் சொல்லவே வேண்டாம்.

அங்கே அதனைத் திருத்தியவர் யார் தெரியுமா? பெரிய விஞ்ஞானி எவருமல்லர். ஹாஜோக் கோயிலிலே குளத்தைப் பார்த்துவந்த ஊழியர் ஒருவர். ஆமைமேற் பிரியங்கொண்ட அவர், இடப்பட்ட முட்டைகளைத் தேடியெடுத்து, பொரிக்கும்வரை பாதுகாத்தார். ஆமைப் பாதுகாப்பில் ஈடுபட்ட சங்கத்தாரும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். 2017ஆம் ஆண்டு தை மாதத்திலே கோயிற் குளங்களிலிருந்து கிடைத்த 35 குஞ்சுகளை முதன்முறையாக அயலிலுள்ள வனவிலங்குச் சரணாலயத்தில் விட்டார்கள். அவற்றில் 16 குஞ்சுகள் அந்த ஊழியர் கோயிலிலே வளர்த்தவை. அற்றுப்போயிற்று என்று எழுதப்பட்ட இனத்தின் குஞ்சுகள், கோயிலிலிருந்து இயற்கைக்குத் திரும்பிச் சென்றன!

இதற்கு மறுபக்கமும் உண்டு. வியட்நாமின் தலைநகர் ஹனோயின் நடுவிலே ஒரு ஏரி. பதினைந்தாம் நூற்றாண்டில் லே லோய் என்ற அரசன் பகைவரை வென்றபின், தெய்வ வாளை அந்த ஏரியின் ஆமையிடமே திருப்பிக் கொடுத்தான் என்பது அந்நாட்டார் போற்றும் கதை. அந்த ஏரியில் 150 கிலோவுக்கு மேல் நிறையுள்ள மாபெரும் மெல்லோட்டு ஆமை ஒன்று நம் காலம்வரை வாழ்ந்தது. அது தலைகாட்டினால் நகரமே திரண்டு பார்க்கும். 2011இல் அதன் உடலிலே புண் கண்டபோது பிடித்து வைத்தியம் செய்தார்கள். ஆனால் அந்த ஏரியில் அதற்குத் துணையில்லை; சந்ததியில்லை. 2016ஆம் ஆண்டு தை மாதம் 19ஆந் தேதி அது இறந்து மிதந்தது. அதே இனத்தைச் சேர்ந்த பெண் ஆமை ஒன்று சீனத்துச் சூசோ நகரக் காட்சிச்சாலையில் 2019இல் இறந்தது. ஹனோய்க்கு அண்மையிலுள்ள வேறோர் ஏரியிற் கண்டறியப்பட்ட இன்னொரு பெண் ஆமையும் 2023இல் இறந்துபோயிற்று. கோடி மக்களின் வணக்கம் இருந்தது. ஒரு முட்டை பொரிக்கவில்லை.

இனி நமது கேணிக்கு வருவோம்.

நமது பாலாமை இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. வயற்குளங்களிலும், மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவை நோக்கி வரும் வழியிலுள்ள வில்லுகளிலும் அதற்கு இடமுண்டு. ஆனால் குளத்துக்கு குளம் குறைந்து வருவதை, வயது சென்ற கமக்காரர் எவரைக் கேட்டாலும் சொல்வார். இறைச்சிக்குப் பிடிக்கிறார்கள், மீன்வலையில் அகப்பட்டு மூச்சடைத்துச் சாகிறது, வயலுக்கு அடிக்கும் மருந்து வாய்க்கால்வழியே குளத்துக்கு வருகிறது. வனசீவராசிகளையும் தாவரங்களையும் பாதுகாக்கும் கட்டளைச் சட்டம் 1937 முதல் இருக்கிறது. ஆமையைப் பிடிப்பதும் கொல்வதும் அச்சட்டத்தின்படி குற்றம். சட்டம் கேணிக்கரையில் வந்து காவல் நிற்காது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

பரிபாலன சபைப் பெரியோர்கள் சிலரோடு இதுபற்றி முன்னரே பேசினோம். அவர்கள் சொன்ன தடைகள் மூன்று. மண்கரை விட்டால் பாம்பு சேரும். மழைக்குக் கரை கரைந்து கேணி தூர்ந்துபோகும். தீர்த்தத் திருவிழாவுக்கு நீர் தூய்மையாக இருக்கவேண்டும். மூன்றும் அலட்சியம் செய்யத்தக்க தடைகள் அல்ல. பொறுப்புள்ளவர்கள் சொன்ன வார்த்தைகள். நாம் கேட்பது நாற்புறமும் அன்று. சுவாமி தீர்த்தமாடும் கிழக்குப் படித்துறையையும், தெற்கு, மேற்குக் கரைகளையும் அவர்கள் விரும்பியவாறே கட்டட்டும். வடகரையிலே இருபது அடி நீளத்தை மட்டும் கட்டாமல் விடவேண்டும். அடியிலே கருங்கல் அடுக்கி, அதன்மேல் மணல் கலந்த மண்ணைச் சரிவாகப் போட்டு, அறுகம்புல் பதித்தால் மண் கரையாது. மாரி வெள்ளம் எட்டாத உயரத்தில் மேற்பகுதி இருக்கவேண்டும். பின்புறத்தில் நாய் நுழையாதபடி கம்பிவலை. பற்றையை மாதத்துக்கு ஒருமுறை வெட்டினாற் பாம்புக்கு அங்கே வேலையில்லை. தூய்மையைப் பொறுத்தவரை, நீரைக் கெடுப்பது ஆமை அன்று. அர்ச்சனைத் தட்டோடு வரும் பொலித்தீன் பையும், கேணியிலே எறியப்படும் மாலையும் சூடப்பெட்டியும்தான். அதைத் தடுக்க நாம் ஆள் தருகிறோம் என்று சபையாருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

இன்னும் ஒரு வேண்டுகோள், சிறுவர்களுக்கு. கொழும்பிலே கடைகளில் கண்ணுக்கருகிற் சிவப்புக் கோடுள்ள சின்ன ஆமைக் குஞ்சுகளை விற்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து பரவியது. வளர்ந்து பெருத்ததும் வீட்டிலே வைத்திருக்க முடியாமற் புண்ணியத்துக்கென்று கோயிற்கேணியிலே கொண்டுவந்து விடுவார்கள். அது நம் ஆமையின் உணவையும் வெயில் காயும் இடத்தையும் பறித்துக்கொள்ளும். தயவுசெய்து அந்தப் புண்ணியம் வேண்டாம்.

சபையார் நமது கடிதத்துக்கு முடிவு சொல்லவில்லை. மறுக்கவுமில்லை. கொத்தனார் கணக்குப் போடுவதற்குமுன் அளவு கொடுத்தால் யோசிக்கலாம் என்று தலைவர் அவர்கள் சொல்லியிருக்கிறார். ஆகையால் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வடகரையை அளக்கப்போகிறோம். நூலும் முளையும் மண்வெட்டியும் மன்றத்தில் உண்டு. நமது கேணிக்கரையிலே ஆமை முட்டையிட்டதை எந்தக் காலத்திலாவது கண்ட பெரியோர்கள் இச்சபையில் இருந்தால், அன்று வந்து அந்த இடத்தைக் காட்டித் தரும்படி தாழ்மையுடன் வேண்டுகிறோம். வரக்கூடிய இளைஞர்கள் இப்போதே காரியதரிசியிடம் பெயரைக் கொடுத்துவிடுங்கள்.